திறந்த கூரை ஜீப் வாங்கலாமா? முதல்முறை வாங்குபவருக்கான முழுமையான வழிகாட்டி

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன் எழுந்து தெருவுக்கு வந்தால் ஜீப்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுவதைப் பார்க்கலாம். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச் சட்டிகளை மடியில் வைத்து நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கப் படுதாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வண்டிகள் போடிமெட்டு நோக்கி ஏறும். அந்த வண்டிகளின் வாலில் உட்கார்ந்து, சாலை பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். திறந்த ஜீப் மேல் எனக்கு இருக்கும் ஆசைக்கு வேர் அங்கே இருக்கிறது. உங்கள் ஆசைக்கு வேறொரு வேர் இருக்கலாம். இரண்டையும் மதிக்கிறேன்.

ஆனால் ஆசையை வைத்து மட்டும் பதினைந்து லட்சம் ரூபாய் முடிவை எடுக்க முடியாது. இரண்டு முறை வாங்கப் போய், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டு, மூன்றாவது முறை ஒரு பழைய மஹிந்திரா தார் சாஃப்ட் டாப் (துணிக்கூரை வண்டி) வாங்கினேன். அந்த மூன்று முறையும் நான் எடுத்து வைத்த அடிகளைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வருடத்தில் எத்தனை நாள் கூரையைத் திறப்பீர்கள்?

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நம் சமவெளியில் காலை எட்டரைக்கு மேல் மாலை ஐந்து வரை திறந்த வண்டியில் போவது உடலுக்குத் தண்டனை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைக் கழித்துக்கொள்ளுங்கள். தேனி, தென்காசி, கோவையின் மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் உண்டு. நகரத்துக்குள் லாரிப் புகைக்கு நடுவே கூரையைத் திறந்துகொண்டு சிக்னலில் நிற்பதை யாரும் இரண்டாவது முறை விரும்புவதில்லை. ஆக, மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி மாதத்து நாட்கள், விடியற்காலைகள், மாலைகள், மலைப்பயணங்கள்.

வண்டி வாங்கிய முதல் ஆண்டு முழுவதும் கூரை திறந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வந்தேன். மாதத்துக்குச் சராசரியாக நான்கைந்து நாளைத் தாண்டவில்லை. அந்த நாட்களுக்காகவே இந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மீதி இருபத்தைந்து நாட்களும் இதே வண்டியில்தான் அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போகவேண்டும் என்றால், அப்போது வேறு கணக்கு. வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதாரணக் கார் இருந்தால் திறந்த ஜீப் எளிதான முடிவு. இதுதான் ஒரே வண்டி என்றால் கடினமான முடிவு.

இரண்டாவது படி: வீட்டாரை ஏற்றி இறக்கிப் பாருங்கள்

மூன்று கதவுத் தாரில் பின் இருக்கைக்குப் போக வேண்டுமானால் முன்னால் இருக்கும் பயணி இருக்கையை மடித்து, அந்த இடுக்கு வழியாகத்தான் ஏற வேண்டும். தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி 226 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சட்டகம், அதற்கு மேல் தளம். முதல்முறை பார்க்கப் போனபோது அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் கதவுச் சட்டத்தைப் பற்றி, வலது காலைப் படியில் வைத்தார். இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, "நல்ல வண்டிதான்ப்பா, நீ ஓட்டு" என்றார். அன்று முன்பணம் கொடுக்காமல் திரும்பியதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். அடுத்த ஆண்டு அண்ணன் ஒரு சாதாரணக் கார் வாங்கிய பிறகே என் யோசனை மறுபடி உயிர்பெற்றது.

நீங்களும் இதைச் செய்யுங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை இருக்கையில் உட்காரும் குழந்தை என யாரெல்லாம் அடிக்கடி வருவார்களோ அவர்களையே ஏற்றிப் பாருங்கள். நான்கு பேர் உட்கார்ந்தபின் பின்னால் எஞ்சும் இடத்தில் இரண்டு பைகள்கூடச் சிரமம்தான். கூரையை மடித்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் மனம் ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை) பக்கமோ ஐந்து கதவு தார் ராக்ஸ் பக்கமோ சாய்ந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ராக்ஸ் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி. ஆனால் அது திறந்த கூரை வண்டி அல்ல. மேலே கண்ணாடி இருப்பதும் கூரையே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது படி: ஒரு வாரம் வாடகைக்கு ஓட்டுங்கள்

ஷோரூமில் தரும் இருபது நிமிட ஓட்டத்தில் எதுவும் தெரியாது. சாஃப்ட் டாப் தார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வேலை நாட்களும் ஒரு சனி, ஞாயிறும் சேர்ந்த ஒரு வாரம் ஓட்டுங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தருபவரிடம் எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

அந்த வாரத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில. நான்குவழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் கூரையை மூடிக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திவிட்டு, பிறகு ஏசி போட்டு, துணிக்கூரையின் அடியில் எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பாருங்கள். மேடுபள்ளமான தெருவில் பின் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து வாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் இன்பமாகத் தெரியும் குலுக்கல் பின்னால் முதுகில் விழும். லேப்டாப் பையை வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாமா என்று யோசியுங்கள். ஒரு பிளேடு போதும் இந்தக் கூரையைத் திறக்க. அதனால் எதையும் உள்ளே வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

உண்மையான மலைப்பாதை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொழுக்குமலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அது தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. உள்ளூர் ஜீப்காரர்கள்தான் அழைத்துப் போவார்கள். அந்தப் பாறைப் பாதையில் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கியரையும் கிளட்ச்சையும் கையாள்வதைப் பாருங்கள். ஒரு பயணம் பத்து வீடியோக்களுக்குச் சமம்.

நான்காவது படி: எந்த வண்டி?

நம் நாட்டில் தொழிற்சாலையிலிருந்தே திறந்த கூரையுடன் வரும் வண்டிகள் மிகக் குறைவு. மாருதி ஜிம்னியும் இன்றைய ஃபோர்ஸ் கூர்க்காவும் நல்ல காட்டுப்பாதை வண்டிகள், ஆனால் மூடிய கூரை. ஜீப் ராங்லரில் கூரைத் துண்டுகளையும் கதவுகளையும்கூடக் கழற்றலாம். அதன் விலையில் நம் ஊரில் ஒரு வீடே கட்டலாம். முதல் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மஹிந்திரா தார் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். 2010ல் வந்த முதல் தலைமுறை பழைய ஜீப்பின் நேரடி வாரிசு: பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பின் இருக்கை, படுதாக் கூரை, ஏர்பேக் கிடையாது. 2020 அக்டோபர் 2ல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை முற்றிலும் வேறு வண்டி. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 150 குதிரைத்திறனும், 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறனும் தருகின்றன. இரண்டிலும் ஆறு கியர் மேனுவலும் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. 2020ல் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. சோதிக்கப்பட்டது முன்னோக்கிப் பார்க்கும் பின் இருக்கை கொண்ட வகை. இரண்டாம் தலைமுறையிலும் ஆரம்பத்தில் பக்கவாட்டு இருக்கை வகை கொஞ்ச காலம் விற்றது. பழைய வண்டிச் சந்தையில் அது வந்தால் குடும்பத்துக்காக வாங்காதீர்கள்.

கூரை வகையைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். நிரந்தரமாகக் கட்டிய துணிக்கூரை ஒன்று, மடித்துத் திறக்கும் கன்வர்ட்டிபிள் ஒன்று, ஹார்ட் டாப் ஒன்று என மூன்று வகை விற்றிருக்கின்றன. ஹார்ட் டாப் வாங்கிவிட்டு வேண்டும்போது கழற்றி வைக்கலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தார் ஹார்ட் டாப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. 2023 ஜனவரியில் வந்த விலை குறைந்த பின்சக்கர இயக்க வகையும் ஹார்ட் டாப்தான். கன்வர்ட்டிபிள் புதிதாகக் கிடைக்கிறதா, எந்த இன்ஜினுடன் கிடைக்கிறது என்பது அவ்வப்போது மாறும். ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய வண்டிதான் வழி.

மாருதி ஜிப்ஸியைத் தேடுபவர்களும் உண்டு. 1985ல் வந்து 2019 வாக்கில் விடைபெற்ற வண்டி. எடை குறைவு, 1.3 லிட்டர் பெட்ரோல், பழுது பார்ப்பது எளிது. ஆனால் ஏர்பேக் கிடையாது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது வண்டியாக, மெக்கானிக் நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம்.

ஐந்தாவது படி: நான்கு சக்கர இயக்கம் தேவையா?

பெரும்பாலானோருக்கு ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் தேவைப்படாது. ஆனால் கன்வர்ட்டிபிள் வகைகள் நான்கு சக்கர இயக்கத்துடனேயே வந்ததால், கேள்வி தானாகவே முடிந்துவிடுகிறது. எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் முக்கியம்.

தாரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமன் செய்யும் பல்லிணைப்பு கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். மண்ணில், சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் முழுத் திருகலும் கியர் பெட்டியின் மேல் விழும். ஆகவே காய்ந்த சாலையில் ஃபோர் ஹை, அதாவது நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை, போடக் கூடாது. ஃபோர் லோ என்பது செங்குத்தான ஏற்றத்துக்கும் பாறைக்கும், ஊர்ந்து போகும் வேகத்துக்கு மட்டும்.

மணலில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் ஆக்சிலரேட்டரை மிதித்து இன்னும் ஆழமாகப் புதைகிறார்கள். முதலில் டயர் காற்றைப் பாதியளவுக்கு, 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை, இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து வண்டி மிதக்கும். வெளியே வந்ததும் மறுபடி காற்றடிக்க ஒரு சிறு கம்ப்ரஸர் வண்டியில் இருக்க வேண்டும். இழுவைப் பட்டையும் வேண்டும். தனியாக ஒரே வண்டியில் போகாதீர்கள். நீர் கடக்கும் ஆழம் 650 மில்லிமீட்டர் என்று நிறுவனம் சொல்வது நின்ற நீருக்குப் பொருந்தும். ஓடும் ஆற்றில் முழங்கால் அளவு நீரே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஆறாவது படி: ஓட்ட இடம் இருக்கிறதா?

ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். "சின்னப் பாதைதானே" என்று உள்ளே போனால் வண்டியே பறிமுதலாகலாம். கடற்கரை மணலிலும் வேண்டாம். ஜனவரி முதல் சித்திரை வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு டயர் தடம் ஒரு கூட்டையே நசுக்கிவிடும். கடற்கரையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் கண்ணூர் அருகே முழப்பிலங்காட்டில் வாகனங்களுக்கு அனுமதியுள்ள கடற்கரை இருக்கிறது.

மீதமிருப்பவை தோட்டப் பாதைகள், கண்மாய்க் கரைகள், உரிமையாளர் அனுமதித்த தனியார் நிலம். ஒரு மணி நேரத் தொலைவில் இப்படி மூன்று இடங்களையாவது பெயர் சொல்லி எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் போவதற்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏழாவது படி: முழுச் செலவு

விளம்பரத்தில் வரும் விலையை மறந்துவிட்டு ஆன்ரோடு விலையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். 15 லட்சம் வண்டிக்கு அதுவே 2.7 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி.யில், நான்கு மீட்டருக்குள் இருக்கும் 1.5 லிட்டர் டீசலுக்கு 18 சதவீதம். 2 லிட்டர் பெட்ரோலுக்கும் 2.2 லிட்டர் டீசலுக்கும் 40 சதவீதம். பின்சக்கர டீசல் தாருக்கும் நான்கு சக்கரத் தாருக்கும் விலையில் இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு இது பெரிய காரணம்.

பெட்ரோல் ஆட்டோமேட்டிக் நகரத்துக்குள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். பெரிய டயர்கள் ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல். காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றுபோனதற்குப் பணம் கிடைக்காது.

பம்பர், உயரமான சஸ்பென்ஷன், பெரிய டயர் என்று மாற்றங்களுக்குப் பணம் ஒதுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

எட்டாவது படி: பழைய வண்டியைச் சோதிப்பது

இதில் அவசரம் காட்டாதீர்கள். நான் பார்த்த இரண்டாவது வண்டியை விற்றவர், "தண்ணீரில் இறங்காத வண்டி சார்" என்று மூன்று முறை சொன்னார். உள்ளே தளத்தில் விரித்திருந்த பாயைத் தூக்கினேன். தார் வண்டியின் தளத்தில் கழுவிய நீர் வெளியேற ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். பின்பக்கத்து ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தேன். அதன் விளிம்பிலிருந்து மாவு போன்ற ஆற்று வண்டல் என் உள்ளங்கையில் கொட்டியது. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் செந்நிறத் துரு. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் பார்க்கும்போது முதலில் கூரை. ஒவ்வொரு ஜிப்பையும் முழுதாக இழுத்து மூடுங்கள். பல் விட்ட ஜிப் மழையில் ஒழுகும். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் பால் போல் மங்கியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் சேருங்கள். மடிப்பு விழும் இடங்களில் தையல் பிரிந்திருக்கிறதா, சட்டகத்தின் கொக்கிகள் இறுகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு வாளித் தண்ணீரை முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் விளிம்பில் ஊற்றி உள்ளே சொட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து அடிப்பாகம். டார்ச்சுடன் படுத்து, சட்டகத்தின் மூலைகளில் காய்ந்த சேறு அடைந்திருக்கிறதா, பாறையில் உரசிய ஆழமான கீறல் உண்டா என்று பாருங்கள். அச்சு எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு மண் தரையில் நிறுத்தி ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு நகர்த்திப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத நெம்புகோல் அசையாது. நேர்ச்சாலையில் 80 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள், காரணம் கண்டுபிடிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் உடலமைப்பு வகையும் கண்முன் நிற்கும் வண்டியோடு பொருந்த வேண்டும். சாஃப்ட் டாப்பாகப் பதிவாகி வெளிக்கடையில் ஹார்ட் டாப் போட்ட வண்டிகளும், அதன் தலைகீழும் சந்தையில் இருக்கின்றன. அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன், அபராதம் நிலுவையைப் பாருங்கள். கேரளப் பதிவு வண்டி என்றால் தடையின்மைச் சான்றும், நம் மாநில வரியும் கணக்கில் வர வேண்டும்.

ஒன்பதாவது படி: வாங்கிய முதல் வாரம்

பின் இருக்கையில் எழுந்து நின்று, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள், குழந்தைகளை ஒருபோதும் கூடாது. திறந்த வண்டியில் சீட் பெல்ட்தான் கூரை. வண்டி உயரமானது. வளைவில் திடீரெனத் திருப்பினால் கவிழும் அபாயம் சாதாரணக் காரைவிட அதிகம்.

வாங்கிய புதிதில் குமுளி மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. நானும் மனைவியும் கூரையை ஏற்றப் பதினொரு நிமிடங்கள் ஆயின. வலப்பக்கத்து ஜன்னல் திரையை இடப்பக்கம் பொருத்த முயன்றதில் ஐந்து நிமிடம் போனது. திரும்பி வந்ததும் இரண்டு திரைகளின் உள்விளிம்பிலும் வெள்ளை நூலால் "வ", "இ" என்று தைத்து வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கடிகாரம் வைத்துப் பழகினோம். மூன்று நிமிடத்துக்கு வந்திருக்கிறது. முதல் மலைப்பயணத்துக்கு முன் நீங்களும் பழகுங்கள். துணிக்கூரையைக் கழுவினால் முழுதாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஜிப்புகளில் மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள்.